ஊசி ஈயா, வேறு ஈயா: இறக்கை நரம்பைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

மாரண்டஅள்ளி மல்பெரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாலக்கோடு தாலுகாவில் மாரண்டஅள்ளிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறோம். வளர்ப்பு மனையின் சன்னல், கதவு எல்லாவற்றுக்கும் நைலான் வலை அடித்திருக்கிறோம். பட்டுப்புழுவின் உடலுக்குள் வளர்ந்து கூட்டைத் துளைத்து வெளியே வரும் ஊசி ஈக்கான மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து, வெள்ளைத் தட்டில் ஊற்றி, சன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் வைக்கிறோம். அப்படியும் இந்த முறை அறுவடையில் ஓட்டை விழுந்த கூடுகள் வந்துவிட்டன. ஓட்டைக் கூட்டில் நூல் எடுக்க முடியாது, சந்தையில் ஒதுக்கிவிடுவார்கள்.

தட்டில் செத்துக் கிடந்த ஈக்களை அள்ளிப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சாம்பல் நிறத்தில் முதுகில் கறுப்புக் கோடு போட்டவை பெரிதும் சிறிதுமாக இருக்கின்றன. பச்சையாக மினுங்குகிறவை சில. ரொம்பச் சின்னதாகவும் கொஞ்சம் உண்டு. பக்கத்து நிலத்துக்காரர், "எல்லாமே ஊசி ஈதான், சின்னதெல்லாம் அதன் குஞ்சு. மல்பெரிக்கும் சுற்றியுள்ள மக்காச்சோளத்துக்கும் சேர்த்து மருந்து அடித்துவிடு" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

இறக்கையில் ஓடும் நரம்பை வைத்து ஈ எந்த வகை என்று சொல்லலாம் என்று படித்தேன். ஆனால் அந்தப் படம் முழுக்க எழுத்தும் எண்ணுமாக இருந்தது, தலைகால் புரியவில்லை. தெரிந்தவர்கள் எளிமையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தேன்கனிக்கோட்டை பட்டு எழுதியது:

தம்பி, ஈயைப் பார்ப்பதற்கு முன்னால் புழுவைப் பாருங்கள். ஊசி ஈ புழுவின் தோல்மேல் வெள்ளையாகச் சின்ன முட்டை வைக்கும். இரண்டு மூன்று நாளில் முட்டை பொரிந்து, உள்ளிருக்கும் ஈப்புழு தோலைத் துளைத்துக்கொண்டு போய்விடும். போன இடத்தில் கறுப்பாகத் தழும்பு விழும். அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டால் ஈயைத் தேட வேண்டிய வேலையே இல்லை, மனைக்குள் ஈ வந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்றும் சொல்கிறேன். பட்டுப்புழு தோலுரித்துத் தோலுரித்து ஐந்து பருவமாக வளரும். அதில் மூன்றாம், நான்காம் பருவத்தில் முட்டை வைத்திருந்தால் புழு கூடு கட்டுவதற்கு முன்னாலேயே செத்துவிடும். கூடு கட்டி முடித்து அப்புறம் ஓட்டை விழுந்திருக்கிறது என்றால், ஐந்தாம் பருவத்தின் கடைசியில்தான் ஈ நுழைந்திருக்கிறது. அந்த நேரத்தில் இலை போட ஆட்கள் அடிக்கடி உள்ளே வெளியே போவார்கள், கதவு வலை திறந்தே கிடக்கும். சந்திரிகையை, அதாவது புழு கூடு கட்டும் தட்டியை, வெளியில் வைத்துக் கூடு கட்ட விட்டீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள்.

மாரண்டஅள்ளி மல்பெரி எழுதியது:

அக்கா, சந்திரிகையைத் தாழ்வாரத்தில்தான் வைத்தோம். இடம் பற்றவில்லை. தழும்பு பார்த்த புழுக்களும் கொஞ்சம் உண்டு. ஊசி ஈ வந்திருப்பது நிச்சயம், சரி. ஆனாலும் தட்டில் கிடப்பதில் எது அது, எது வேறு என்று தெரிந்தால்தானே பக்கத்து நிலத்தில் மருந்து அடிப்பதைப் பற்றிப் பேச முடியும்.

இருசிறகி எழுதியது:

நீங்கள் கேட்பது சரியான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஈ வகையில் வரும் எல்லாவற்றுக்கும் இறக்கை ஒரே ஜோடிதான். பின் ஜோடி சுருங்கி, பறக்கும்போது உடம்பைச் சமநிலையில் வைக்கும் சிறு குமிழ்களாகிவிட்டது. தட்டில் கிடப்பதில் நாலு இறக்கை இருந்தால் அது ஈ அல்ல, குளவி இனமாக இருக்கலாம். அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இப்போது பெரிய சாம்பல் ஈ ஒன்றின் இறக்கையை அடியோடு பிடுங்கி, ஒரு கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு, மேலே இன்னொரு கண்ணாடியால் மூடுங்கள். உடம்பில் ஒட்டியிருந்த பக்கம் இடது கையில் இருக்கட்டும், தடித்த விளிம்பு மேலே இருக்கட்டும். கீழே வெள்ளைத் தாள் வைத்து வெளிச்சத்தில் பத்து மடங்கு லென்ஸால் பார்த்தால் நரம்பு எல்லாம் தெளிவாகத் தெரியும்.

மேல் விளிம்பிலேயே ஓடுவது கோஸ்டா. அதற்கு அடுத்தது சப்கோஸ்டா, அது பாதி வழியில் விளிம்பில் போய்ச் சேர்ந்துவிடும். மூன்றாவது ரேடியஸ். இது கிளை பிரியும்: ரேடியஸ் 1, ரேடியஸ் 2+3, ரேடியஸ் 4+5. கூட்டல் குறியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழங்கால மூதாதைப் பூச்சியில் தனித்தனியாக இருந்த இரு கிளைகள் ஈயில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன என்று அதற்குப் பொருள், அவ்வளவுதான். காம்ஸ்டாக், நீதம் என்ற இரண்டு அமெரிக்கப் பூச்சியியலாளர்கள் 1898, 1899-இல் இந்தப் பெயரிடும் முறையை ஒழுங்குபடுத்தினார்கள். இப்போது புத்தகங்களில் காணும் எழுத்தும் எண்ணும் அங்கிருந்து வந்தவைதான்.

ரேடியஸ் 4+5 இறக்கையின் நுனிக்குப் பக்கத்தில் முடியும். அதற்குக் கீழே ஓடுவது மீடியா. உங்களுக்கு வேண்டியது இந்த நரம்புதான். மீடியாவை இடமிருந்து வலமாகத் தொடர்ந்து போங்கள். நடுவில் ஒரு சின்னக் குறுக்கு நரம்பு அதை ரேடியஸோடு சேர்க்கும். இன்னும் தள்ளி, கீழ்ப்பக்கம் ஒரு பெரிய குறுக்கு நரம்பு வரும். அதைத் தாண்டியதும் மீடியா நேராகப் போய் விளிம்பைத் தொடுகிறதா, இல்லை முழங்கை மடக்கியதுபோல் சட்டென்று மேலே திரும்பி ரேடியஸ் 4+5-ஐ நோக்கிப் போகிறதா என்று பாருங்கள்.

ஊசி ஈயின் பெயர் எக்சோரிஸ்டா பாம்பிசிஸ். அது டாக்கினிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட டாக்கினிட் ஈக்கள் 8,000 இனங்களுக்கு மேல். அத்தனையும் பிற பூச்சிகளின், அவற்றின் உறவினங்களின் உடலுக்குள் வளர்ந்து அவற்றைத் தின்பவை. இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்கு மீடியா மேல்நோக்கி வளைந்திருக்கும். அதனால் ரேடியஸ் 4+5-க்கும் மீடியாவுக்கும் நடுவிலுள்ள அறையின் வாய் இறக்கை விளிம்பில் குறுகிப்போகும். சிலவற்றில் அந்த வாய் முழுக்க மூடியே போய்விடும்.

மீடியா வளையாமல் நேராகப் போனால் அது ஊசி ஈ இல்லை. எடுத்து ஒதுக்கிவிடலாம்.

மாரண்டஅள்ளி மல்பெரி எழுதியது:

பார்த்தேன். மகளின் பள்ளி லென்ஸ் போதுமானதாக இருந்தது. பெரிய சாம்பல் ஈ எல்லாவற்றுக்கும் வளைவு இருக்கிறது. நடுத்தர அளவில் இருந்த கோடு போட்ட ஈக்களில் சிலவற்றுக்கு வளைவு இருக்கிறது, சிலவற்றுக்கு நரம்பு நேராகப் போகிறது. ஆச்சரியம் என்னவென்றால் பச்சை ஈக்கும் வளைவு இருக்கிறது. அதுவும் ஊசி ஈக்குச் சொந்தமா?

இருசிறகி எழுதியது:

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், நல்ல வேளையாகக் கேட்டீர்கள். வளைவு இல்லாவிட்டால் ஊசி ஈ இல்லை என்று சொல்லலாம். வளைவு இருந்தால் ஊசி ஈ என்று சொல்லிவிட முடியாது. வீட்டு ஈக்கு வளைவு உண்டு. பச்சை, நீல ஈக்களுக்கு உண்டு. இறைச்சியில் மொய்க்கும் சாம்பல் ஈக்கு ரொம்பக் கூர்மையான வளைவு உண்டு. நேராகப் போனது 'சின்ன வீட்டு ஈ' என்ற வேறொரு வகையாகவோ அதன் உறவுக்காரர்களாகவோ இருக்கலாம்.

நரம்பு உங்களுக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறது. மீதிக்கு உடம்பைப் பார்க்க வேண்டும். ஈயைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். முதுகின் கடைசியில் முக்கோணமாக ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தகட்டுக்கு நேர் கீழே, இடுப்புக்கு மேலே, புடைத்த ஒரு மெத்தை மாதிரி பகுதி தெரிகிறதா? டாக்கினிட் ஈக்களுக்கு அது நன்றாகப் புடைத்து நிற்கும். வீட்டு ஈக்கும் இறைச்சி ஈக்கும் பச்சை ஈக்கும் அந்தப் புடைப்பு இருக்காது. குடும்பத்தைப் பிரிக்க இதைவிட நம்பகமான அடையாளம் வெளியிலிருந்து பார்க்க வேறு இல்லை.

அப்புறம் முதுகுக் கோடு. ஊசி ஈக்கு நீளவாக்கில் நான்கு கறுப்புக் கோடு. இறைச்சி ஈக்கு மூன்று, வயிற்றில் கட்டம் கட்டமாகப் பளபளப்பு மாறும். வீட்டு ஈக்கும் நான்கு கோடு இருப்பதால் கோட்டை மட்டும் எண்ணி முடிவு செய்யாதீர்கள். ஊசி ஈயின் வயிற்றில் தடித்த முள்மயிர் இருக்கும், வீட்டு ஈயின் வயிறு அப்படி இருக்காது.

தண்ணீரில் ஊறிய ஈக்கு ஒரு குறை உண்டு. முதுகின்மேலுள்ள சாம்பல் பூச்சு ஈரத்தில் மங்கிவிடும், கோடு தெரியாது. தட்டிலிருந்து எடுத்ததும் தாளில் பரப்பி நிழலில் உலர்த்திய பிறகு கோட்டைப் பாருங்கள்.

தேன்கனிக்கோட்டை பட்டு எழுதியது:

இத்தனை வருடம் பட்டு வளர்த்தும் அந்தப் புடைப்பைப் பற்றி எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. இன்று தட்டில் கிடந்ததை எடுத்துப் பார்த்தேன், தெளிவாகத் தெரிகிறது. எங்கள் ஊர்க் குழுவில் எல்லாருக்கும் காட்டப் போகிறேன்.

அரூர்க் கரும்பு எழுதியது:

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பட்டு மனைக்குள் டாக்கினிட் ஈ பகை. ஆனால் வெளியில், வயலில், அதே குடும்பம் நமக்குக் கூலி வாங்காத ஆள். கரும்பில் இளங்குருத்துப் புழு வரும்போது ஸ்டர்மியாப்சிஸ் இன்ஃபெரன்ஸ் என்ற ஈ வரும். அது முட்டை வைக்காது, குட்டிப் புழுவாகவே ஈனும். குருத்துப்புழு குடைந்த ஓட்டையின் வாயில் அந்தக் குட்டிகளை விடும், அவை உள்ளே நகர்ந்து போய்க் குருத்துப்புழுவைப் பிடித்துத் தின்னும். நம் கையோ தெளிப்பானோ எட்டாத இடத்துக்குள் போகிற ஈ அது. மருந்தைத் தெளித்து அதையும் சேர்த்துக் கொன்றுவிட்டு, அடுத்த வாரம் புழு கூடிவிட்டது என்று புலம்புவதை எங்கள் பகுதியில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பாலக்கோடு தக்காளி எழுதியது:

நான் வேறு மாதிரி சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். லென்ஸ் வைத்து இறக்கை பார்க்க எல்லாருக்கும் நேரம் இருக்காது. மக்காச்சோளத்தில் படைப்புழு 2018-இல் வந்ததிலிருந்து குருத்துக்குள் மருந்து போடாமல் எங்களால் எடுக்க முடிவதில்லை. ஈ நல்லதோ கெட்டதோ, பயிர் போனால் யார் தருவார்கள்?

அரூர்க் கரும்பு எழுதியது:

அண்ணா, கோபமே இல்லை. படைப்புழு எவ்வளவு கொடுமை என்று எனக்கும் தெரியும். மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புழு எவ்வளவு இருக்கிறது, குருத்தில் எத்தனை செடி சேதம் என்று பார்த்து, குருத்துக்குள் மட்டும் போடுவது ஒன்று. ஈ பறக்கிறது என்பதற்காக வரப்பு முழுக்க அடிப்பது வேறு. படைப்புழுவின் உடலிலிருந்தும் டாக்கினிட் ஈ வெளியே வந்ததை நம் நாட்டு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதுவும் எக்சோரிஸ்டா வகைதான். மக்காச்சோளத்தில் ஓர் ஈ படைப்புழுவின்மேல் முட்டை வைப்பதைப் பார்த்தால் அதை அடிக்கக் கூடாது.

தேன்கனிக்கோட்டை பட்டு எழுதியது:

பாலக்கோடு அண்ணாவுக்கு ஒரு வேண்டுகோள். படைப்புழுவுக்கு நீங்கள் போடும் எமாமெக்டின், குளோரான்ட்ரானிலிப்ரோல் எல்லாம் புழுவைக் கொல்லும் மருந்து. பட்டுப்புழுவும் புழுதான். காற்றில் கொஞ்சம் வந்து மல்பெரி இலையில் படிந்தாலே போதும், அந்த இலையைத் தின்ற புழுக்கள் அப்படியே சுருண்டுவிடும். பக்கத்தில் மல்பெரி இருந்தால் அடிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நாங்கள் முன்கூட்டியே இலை அறுத்துக்கொள்வோம். காற்று எந்தப் பக்கம் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாரண்டஅள்ளி தம்பி, உங்கள் பக்கத்து நிலத்துக்காரரிடம் இதைத்தான் முதலில் சொல்லுங்கள். ஊசி ஈயை ஒழிக்கப் போய் உங்கள் புழுவையே ஒழித்துவிடுவார்.

பாலக்கோடு தக்காளி எழுதியது:

அது நியாயம் அம்மா. பக்கத்தில் மல்பெரி இருப்பவர்களிடம் இனி சொல்லிவிட்டே அடிக்கிறேன்.

தர்மபுரி விலங்கியல் எழுதியது:

வணக்கம், நான் முதுகலை விலங்கியல் மாணவி. நரம்பு பற்றி ஒரு சந்தேகம். நரம்புகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களைப் புள்ளிகளாகக் குறித்து, கணினியில் இறக்கையின் வடிவத்தை ஒப்பிட்டு, நெருங்கிய இனங்களைக்கூடப் பிரிக்கிறார்கள். கொசுவிலும் இறைச்சி ஈயிலும் நிறையச் செய்திருக்கிறார்கள். அப்படியானால் இறக்கை மட்டும் இருந்தாலே இனத்தின் பெயர் வரை போகலாம் இல்லையா? உடம்பு எதற்கு?

இருசிறகி எழுதியது:

அந்த முறை மேல் எனக்கு மரியாதை உண்டு. இறக்கை தட்டையானது, புள்ளிகள் எல்லா ஈக்கும் ஒரே இடத்தில் கிடைக்கும், உலர்ந்தாலும் உடம்புபோல் சுருங்காது. அளவெடுக்க இதைவிட வசதியான உறுப்பு ஈயின் உடம்பில் கிடையாது. ஆனால் அது ஒப்பிடும் முறை. பெயர் உறுதியான ஈக்களின் இறக்கைகள் முதலில் உங்களிடம் இருக்க வேண்டும். உங்கள் தொகுப்பில் இல்லாத இனத்தின் இறக்கையைக் கொடுத்தாலும் கணினி இருப்பதில் எது நெருக்கமோ அதைத்தான் சொல்லும். 8,000 இனங்கள் உள்ள குடும்பத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

அளவும் ஏமாற்றும். ஒரே பட்டுப்புழுவுக்குள் பல ஈப்புழுக்கள் வளர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் தீனி குறையும், வெளியே வரும் ஈயும் சின்னதாக இருக்கும். தனியாக வளர்ந்தது பெரிதாக இருக்கும். இனம் ஒன்றுதான். மாரண்டஅள்ளித் தட்டில் கோடு போட்ட ஈ பெரிதும் சிறிதுமாக இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஈ என்பது தன் கூட்டுப்புழு உறையிலிருந்து வெளிவந்த பிறகு வளராது. குட்டி ஈ வளர்ந்து பெரிய ஈ ஆகும் என்பது தவறான நம்பிக்கை.

டாக்கினிட் நிபுணர்கள் நரம்பில் வேறு சில நுணுக்கங்களையும் பார்ப்பார்கள். ரேடியஸ் 4+5-இன் அடியில் எத்தனை சிறு மயிர், அவை எவ்வளவு தூரம் போகின்றன. பெரிய குறுக்கு நரம்பிலிருந்து மீடியாவின் வளைவுவரை உள்ள தூரம் அதிகமா, வளைவிலிருந்து விளிம்புவரை உள்ள தூரம் அதிகமா. வளைவின் முனையில் வாலாக ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கிறதா. கோஸ்டாவின் பகுதிகளில் எது நீளம். இதெல்லாம் பேரினம்வரை கொண்டுபோகும். அதற்குப் பிறகு ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அல்லது மரபணுவைப் படிக்க வேண்டும். அதனால்தான் இறக்கையைப் பிடுங்கினாலும் உடம்பைத் தூக்கி எறியாதீர்கள் என்கிறேன். எந்த இறக்கை எந்த உடம்புடையது என்று ஒரே எண் எழுதி வையுங்கள்.

போச்சம்பள்ளி மாந்தோப்பு எழுதியது:

மாம்பழத்தில் புழு வைக்கும் பழ ஈக்கும் இறக்கை பார்த்துச் சொல்லலாமா? அதோடு தத்துப்பூச்சியைத் தாக்கும் ஈ உண்டு என்று கேள்விப்பட்டேன். கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரர்களுக்குப் பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிதான் முதல் தலைவலி.

இருசிறகி எழுதியது:

பழ ஈ சுலபம். சப்கோஸ்டா மற்ற ஈக்களில் சாய்வாகப் போய் விளிம்பைச் சேரும். பழ ஈயில் அது நுனிக்கு வரும்போது செங்கோணத்தில் சட்டென்று மேலே திரும்பி மங்கிவிடும். இறக்கையின் அடிப்பக்கத்தில் கீழே உள்ள சிறு அறையும் ஒரு முனையில் கூர்மையாக நீண்டிருக்கும். இது ஒட்டுண்ணி இல்லை, பழத்தைத் தின்பது.

தத்துப்பூச்சியைத் தாக்குவது பிபன்குலிட் குடும்பம். தலையே கண்ணாகத் தெரியும் சின்ன ஈ, இலைகளுக்கு நடுவில் ஒரே இடத்தில் நின்று பறக்கும். தத்துப்பூச்சியைத் தூக்கிக்கொண்டு பறந்தபடியே உடலுக்குள் முட்டை செலுத்தும். இதேபோல் நின்று பறக்கும் இன்னொன்று சிர்ஃபிட் ஈ. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சிர்ஃபிட் இறக்கையில் ரேடியஸுக்கும் மீடியாவுக்கும் நடுவில் எதனோடும் சேராத ஒரு பொய் நரம்பு ஓடும். அது இருந்தால் சிர்ஃபிட். அதன் புழுக்களில் பல அசுவினியைத் தின்பவை. இரண்டுமே தோப்புக்கு வேண்டியவை.

தேனீ வைத்திருப்பவர்கள் கொனோபிட் ஈயையும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். பார்த்தால் குளவி என்றே நினைப்பீர்கள், இடுப்பு ஒடுங்கியிருக்கும். இறக்கையை எண்ணினால் ஒரு ஜோடிதான். ரேடியஸ் 4+5-க்குக் கீழுள்ள அறை விளிம்புக்கு வருமுன்பே மூடியிருக்கும், அல்லது ரொம்பக் குறுகியிருக்கும். தேனீ, குளவி போன்றவற்றைப் பறக்கும்போதே பிடித்து உடலில் முட்டை வைப்பது.

பென்னாகரம் ஆட்டுப்பட்டி எழுதியது:

ஆட்டின் புண்ணில் புழு வைக்கும் பச்சை ஈயும் இதே கணக்கா? மாரண்டஅள்ளி அண்ணன் சொன்ன பச்சை ஈ அதுவாக இருக்குமோ?

இருசிறகி எழுதியது:

பச்சை ஈ எல்லாம் ஒன்றல்ல. உயிருள்ள சதையை மட்டுமே தின்று வளர்வது கிரைசோமியா பெசியானா. செத்த சதையில் வரும் லூசிலியாவும் பச்சைதான். இரண்டுக்கும் மீடியா வளைந்திருக்கும், அதை வைத்துப் பிரிக்க முடியாது. இறக்கை உடம்பில் சேரும் இடத்தில், ரேடியஸ் கிளை பிரிவதற்கு முன்னாலுள்ள தண்டு நரம்பின் மேல்பக்கம் பாருங்கள். வரிசையாகச் சிறு மயிர் இருந்தால் கிரைசோமியா பக்கம், மொட்டையாக இருந்தால் லூசிலியா பக்கம். ஆனால் கிரைசோமியாவிலேயே செத்த சதையில் வருபவையும் உண்டு. அதனால் ஆட்டுக்குப் புண்ணில் புழு இருந்தால் ஈயைப் பிடித்து இறக்கை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அந்தப் புழு ஆழமாகக் குடைந்துகொண்டே போகும்.

பட்டு மனைத் தட்டில் பச்சை ஈ விழுவது பெரும்பாலும் செத்த புழு, கழிவு இவற்றின் வாடைக்குத்தான். கழிவை மனைக்குப் பக்கத்தில் குவிக்காமல் தள்ளிப் போட்டால் குறையும்.

மாரண்டஅள்ளி மல்பெரி எழுதியது:

தட்டில் இருந்ததை எல்லாம் உலர்த்திப் பிரித்துவிட்டேன். வளைவும் புடைப்பும் நான்கு கோடும் சேர்ந்து இருந்தவை ஒரு குவியல். அதுதான் ஊசி ஈ என்று எடுத்துக்கொள்கிறேன். வளைவு இருந்து புடைப்பு இல்லாதவை இன்னொரு குவியல், அதுதான் பெரிதாக இருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரரைக் கூப்பிட்டு லென்ஸில் காட்டினேன். முதலில் நம்பவில்லை, அப்புறம் அவரே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இப்போதைக்கு மருந்து இல்லை என்று ஒத்துக்கொண்டார்.

ரொம்பச் சின்ன ஈக்கள் மட்டும் மீதி இருக்கின்றன. அவற்றிலும் இரண்டு விதம். ஒன்று கூன் விழுந்ததுபோல் இருக்கிறது, உயிரோடு இருப்பது பறக்காமல் ஓடுகிறது. இன்னொன்றின் இறக்கையில் நரம்பே தெரியவில்லை.

இருசிறகி எழுதியது:

கூனலாக ஓடுவது ஃபோரிட் குடும்பமாக இருக்கும். இறக்கையைப் பார்த்தால் சந்தேகமே வராது. முன் விளிம்பில் தடித்த நரம்புகள் நெருக்கமாக ஓடிப் பாதி இறக்கையிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே மெல்லிய நரம்புகள் சில சாய்வாக மங்கலாகப் போகும், குறுக்கு நரம்பு இருக்காது. அழுகலைத் தேடி வரும் இனங்கள் இதில் நிறைய.

நரம்பே இல்லாததற்கு நாலு இறக்கை இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். பட்டுத்துறையில் யாராவது உங்களுக்கு நெசோலின்க்ஸ் பை கொடுத்தார்களா?

மாரண்டஅள்ளி மல்பெரி எழுதியது:

ஆமாம், இறக்கை நாலு இருக்கிறது! ஐந்தாம் பருவத்தில் பை வாங்கி மனைக்குள் கட்டித் தொங்கவிட்டோம். அதிலிருந்து வந்ததா இது?

இருசிறகி எழுதியது:

அதேதான் என்று நினைக்கிறேன். நெசோலின்க்ஸ் தைமஸ் என்ற சின்னக் குளவி. அதன் இறக்கையில் முன் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு நரம்பு மட்டும் இருக்கும், மற்ற இடம் வெறுமை. ஊசி ஈயின் கூட்டுப்புழு உறையைத் துளைத்து அதற்குள் முட்டை வைத்து அழிப்பது. உங்கள் பக்கத்து நிலத்துக்காரர் குஞ்சு என்று சொன்னவற்றில் இதுவும் இருந்திருக்கிறது பாருங்கள்.

தேன்கனிக்கோட்டை பட்டு எழுதியது:

ஊசி ஈ 1980-இல் கர்நாடகத்துக்குள் வந்து, அங்கிருந்து நம் பக்கம் பரவியபோது வலையைத் தவிர வேறு கதி இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்தக் குளவி கிடைப்பது எவ்வளவு பெரிய உதவி. அதையும் ஈ என்று நினைத்துக் கூட்டித் தள்ளியிருந்தால்?

தம்பி, தாழ்வாரத்துத் தரை விரிசலையும் பாருங்கள். ஈப்புழு கூட்டைத் துளைத்து வெளியே வந்து விரிசலிலும் தளர்ந்த மண்ணிலும் போய்க் கூட்டுப்புழு ஆகும். பத்துப் பன்னிரண்டு நாளில் ஈயாக எழும்பும். அடுத்த வளர்ப்புக்கு முன்னால் கூட்டிப் பொறுக்கி, விரிசலைச் சிமெண்ட் பூசி அடையுங்கள்.

தர்மபுரி விலங்கியல் எழுதியது:

பொறுக்கிய கூட்டுப்புழுக்களைக் கொல்லாமல் கொஞ்சம் எனக்குத் தர முடியுமா? எதிலிருந்து ஈ வருகிறது, எதிலிருந்து குளவி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இருசிறகி எழுதியது:

நல்ல வேலை, ஆனால் மனைக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள். கண்ணாடிச் சீசாவில் போட்டு வாயை நெருக்கமான துணியால் இறுகக் கட்டுங்கள். வலை போதாது, குளவி வலைக் கண்ணுக்குள் புகுந்து வெளியேறிவிடும். ஈ எழும்பிய கூட்டுப்புழு உறையில் ஒரு முனை மூடி கழன்றதுபோல் வட்டமாகத் திறந்திருக்கும். குளவி வந்ததில் பக்கத்தில் சின்னத் துளை இருக்கும். எழும்பிய ஈக்களை ஊசியில் குத்தி உலர்வாக வையுங்கள், ஸ்பிரிட்டில் போட வேண்டாம், முதுகுப் பூச்சும் முள்மயிரும் கெட்டுவிடும். மரபணு பார்க்க ஒரு சிலவற்றை மட்டும் ஸ்பிரிட்டில் தனியாக வைக்கலாம். எங்கே, எந்தத் தேதி, எந்தப் புழுவிலிருந்து என்று துண்டுச் சீட்டு எழுதி ஒவ்வொன்றோடும் சேர்த்துவிடுங்கள். சீட்டு இல்லாத ஈயை யாரும் வாங்க மாட்டார்கள்.

இனப்பெயர் உறுதியாக வேண்டுமென்றால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ, ஓசூரில் மத்தியப் பட்டு வாரியத்தின் ஆட்களிடமோ முதலில் கேளுங்கள். பெங்களூரு ஹெப்பாளில் வேளாண் பூச்சிகளுக்கென்றே தேசிய நிறுவனம் இருக்கிறது, ஓசூரிலிருந்து பக்கம்தான்.

மாரண்டஅள்ளி மல்பெரி எழுதியது:

தாராளமாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள் தங்கச்சி. இன்று தாழ்வாரத்தைக் கூட்டியதில் ஒரு டப்பா சேர்ந்திருக்கிறது, துணி கட்டி மாட்டுக்கொட்டகைப் பக்கம் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் நல்லது, அதற்குப் பிறகு எழும்ப ஆரம்பித்துவிடும். ஊசி ஈக் குவியலையும் தனிச் சீட்டோடு தருகிறேன். சந்திரிகைக்குத் தாழ்வாரத்தைச் சுற்றி வலை அடிக்க அளவு எடுத்தாயிற்று. கதவுக்கு இரட்டை வலை வைத்து நடுவில் சின்ன இடைவழி விட்டால் ஈ நுழைவது குறையும் என்று இங்கே ஒருவர் சொல்கிறார். அக்கா, நீங்கள் அப்படி வைத்திருக்கிறீர்களா? எவ்வளவு அகலம் விட்டீர்கள்?

தேன்கனிக்கோட்டை பட்டு எழுதியது:

வைத்திருக்கிறோம் தம்பி. இலைக்கட்டோடு ஒரு ஆள் உள்ளே நின்று பின்னால் கதவைச் சாத்திய பிறகு முன்கதவைத் திறக்க முடிய வேண்டும், அந்த அளவு விட்டால் போதும். இடைவழியிலும் ஒரு மாத்திரைத் தட்டு வையுங்கள்.